அறுவை வீதியை மறந்த ஆடையூர்

அறுவை என்னுஞ் சொல்லை இற்றைநாள் மாணாக்கன் ஒருவனிடம் கூறிப் பொருள் கேட்டால் அவன் இரண்டு விடை சொல்வான். ஒன்று, மருத்துவமனையிற் கத்திகொண்டு செய்வது. மற்றொன்று, கேட்போரை நெளிய வைக்கும் சுவையற்ற பேச்சு. மூன்றாவதாக ஒரு பழம்பொருள் அச்சொற்கு உண்டென்பது அவனுக்குத் தெரியாது. இளங்கோவடிகள் மதுரைக் கடைத்தெருக்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்லுங்கால் அறுவை வீதி என ஒன்றைக் காட்டுகின்றார். அங்கே மருத்துவரும் இல்லை. வெற்றுப் பேச்சாளரும் இல்லை. அது துணிக்கடைத் தெரு.

தறியில் நீள நெய்ததை அறுத்தெடுத்தால் அறுவை, துணித்தெடுத்தால் துணி, துண்டாக்கினால் துண்டு, கூறு செய்தால் கூறை. தறியின் முன் நின்றவன் வாயிற் பிறந்த சொற்கள் இவை. கழகக் காலப் புலவருள் ஒருவர்க்கு மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றே பெயர். அன்று துணி விற்றவன் பாட்டு எழுதினான்; அப்பாட்டைச் சான்றோர் தொகைநூல்களிற் சேர்த்துக் காத்தனர். இன்று துணி விற்பவன் தன் கடையின் விற்பனைச் சீட்டைக்கூடத் தமிழில் எழுதுவதில்லை.

உலகுக்கே உள்ளாடையும் மேலாடையும் தைத்து விடுக்கும் திருப்பூரிலேனும் இந்நிலை வேறாக இருத்தல் வேண்டுமன்றோ? காங்கயம் சாலையில் உள்ள நல்லூர் 2011 வரை தனி நகராட்சியாக இருந்து, அவ்வாண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. அதனை அடுத்த முதலிபாளையத்தில், பின்னலாடை ஏற்றுமதியாளர் கூடி நிறுவிய வடிவமைப்புக் கல்லூரி 1997 முதல் நடைபெறுகின்றது. அதற்கு முன்னரே தில்லியில் 1986-இலும் சென்னையில் 1995-இலும் நடுவணரசின் ஆடை வடிவமைப்புப் பள்ளிகள் தோன்றிவிட்டன. ஆடையை வரைந்தும் வெட்டியும் தைத்தும் கற்பிக்கும் படிப்புகள் இன்று தமிழ்நாடெங்கும் பரவியுள்ளன. நெசவாளர் மகளும் தையற்கூடத் தொழிலாளியின் மகளும் அவற்றிற் சேர்ந்து பயில்கின்றனர். இது மகிழத்தக்கதே. மகிழ்ந்த கையோடு, அவர்கள் அங்கே எதனைப் பயில்கின்றனர் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

நல்லூரைச் சேர்ந்த மாணாக்கி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டா, அவளைப் போன்றார் பலர். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் சிலப்பதிகாரப் பகுதிகளைத் தமிழ்ப்பாடமாகப் படித்து மதிப்பெண் பெற்றவள். படிப்பின் இறுதியாண்டில் ஒரு கருப்பொருளைத் தேர்ந்து, அதனினின்று உடைத்தொகுதி ஒன்றை வடித்துக் காட்சிக்கு வைத்தல் இத்தகைய படிப்புகளில் வழக்கம். அவள் கண்ணகியையும் மாதவியையும் தேர்ந்தெடுக்கின்றாள். நல்ல உள்ளம்! ஆயின் அடுத்து அவள் செய்வது என்ன? சிலப்பதிகாரத்தைத் திறக்கின்றாள் இல்லை. திரைப்படத்தைத் திறக்கின்றாள். படத்திற் கண்ட உடைகளை ஒரு பலகையில் ஒட்டுகின்றாள். அப்பலகைக்கு 'மூடு போர்டு' என்று பெயர். கருப்பொருளுக்கு 'தீம்', உடைத்தொகுதிக்கு 'கலெக்சன்', இளங்கோவடிகளுக்கு 'இன்சுபிரேசன்'. சேரமுனிவர் பெயர்கூட அவ்வேட்டில் ஆங்கில எழுத்திலேதான் ஏறுகின்றது.

அம்மாணாக்கியைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பள்ளியில் அவளுக்குச் சிலப்பதிகாரத்தைக் கற்பித்தவர் அதனை மனப்பாடப் பகுதியாகக் கற்பித்தார்; அதில் உடை இருக்கின்றது, நிறம் இருக்கின்றது, நூலின் நுண்மை இருக்கின்றது என்று சொல்லிற்றிலர். கல்லூரியில் அவளுக்கு வடிவமைப்புக் கற்பிப்பவரோ சிலப்பதிகாரத்தைப் படித்திலர். இரண்டு ஆசிரியர்க்கும் இடையே உள்ள பள்ளத்தில் விழுந்தவள் அவள். அப்பள்ளத்தில் அவள் கையிற் கிடைத்தது திரைப்படம்.

திரைப்படம் காட்டும் பழந்தமிழ் உடை எங்கிருந்து வந்தது? இரவிவர்மா (1848–1906) 1894-இல் மும்பையை அடுத்து ஓர் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை வண்ணப்படிகளாக அச்சிட்டுப் பரப்பினார். அப்படங்களிற் பல தெய்வங்களும் காப்பிய மகளிரும் மராட்டிய மகளிர் கட்டும் முறையிலும் அதனை ஒட்டியும் புடவை கட்டியிருப்பர். வீடுதோறும் கடைதோறும் தொங்கிய அப்படங்களே பழமை என்றால் இதுதான் என்று மக்கள் கண்ணிற் பதிந்தன. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை 1913-இல் எடுத்த பால்கே அவ்வச்சகத்திற் பணியாற்றியவர். இதனொடு பார்சி நாடகக் குழுக்களின் பூம்பட்டு மேலங்கியும் பளபளக்கும் சரிகையும் சேர்ந்தன. அம்மேடையிலிருந்து தமிழ் நாடகக் குழுக்கள் எடுத்தன. நாடகத்திலிருந்து திரைப்படம் எடுத்தது. 1942-இன் 'கண்ணகி'யாயினும் 1964-இன் 'பூம்புகார்' ஆயினும், உரையாடலில் தமிழ் முழங்கிற்று. உடைப்பேழையோ நாடகக் கொட்டகையினின்று வந்தது. உரையாடலுக்கு நாம் கைதட்டினோம். உடையை யாரும் நோக்கவில்லை.

அண்மைக்கு வருவோம். கல்கி 1950 முதல் 1954 வரை தம் கிழமையிதழில் எழுதிய 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் ஓவியம் வரைந்தார். மக்கள் குந்தவையையும் நந்தினியையும் முதன்முதல் கண்டது அவ்வோவியங்களில். மணிரத்தினம் இயக்கிய படம் 2022-இலும் 2023-இலும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது; உடைகளை வடித்தவர் மும்பையின் ஏக்கா இலக்கானி; அணிகலன்கள் ஐதராபாத்து வணிகர் செய்தவை. உடனே குந்தவை பெயரால் ஒரு புடவை, நந்தினி பெயரால் ஒரு கழுத்தணி எனக் கடைகள் நிரம்பின. இப்போது எண்ணிப் பாருங்கள். சோழர் காலம் ஒன்று, அதனைக் கதையாக்கிய நூல் ஒன்று, நூலுக்கு ஓவியம், ஓவியத்தின் நினைவில் படம், படத்தின் படியாகக் கடைச்சரக்கு, கடைச்சரக்கைப் பார்த்து வடிக்கும் மாணாக்கி. ஐந்து கைம்மாறிய பின் வந்த உடைக்குச் சோழர் உடை என்று பெயர்!

படக்குழுவினர் சோழர் படிமங்களைப் பார்த்தே வடித்தனர் எனலாம். பார்த்திருப்பர், பாராட்டலாம். ஆனால் செம்பியன் மாதேவியினது எனக் கருதப்பெறும் படிமத்தையும் தஞ்சைப் பெரிய கோயிற் கருவறைச் சுற்றில் நாயக்கர் கால ஓவியத்திற்கு அடியில் மறைந்திருந்து 1931-இல் கோவிந்தசாமி என்னும் பேராசிரியரால் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களையும் கண்டவர் அறிவர்: அம்மகளிர் உடையின் அழகெல்லாம் இடைக்குக் கீழ். மெல்லிய துகிலின் மடிப்பும், அதிற் கொடியும் பூவுமாக ஓடும் வரியும், மேலே மேகலையுமே அதன் சிறப்பு. திரையிலோ சிறப்பு முழுதும் தோளுக்கும் கழுத்துக்கும் ஏறிவிட்டது. பார்ப்பவர் நாணம் கருதி மேலுடை சேர்த்ததைக் குறை சொல்லவில்லை. துகிலின் நுண்மையை ஏன் விட்டனர் என்பதே வினா. அது தமிழனின் தனித்தொழிலாயிற்றே!

இனி, அம்மாணாக்கி நூலைத் திறந்திருந்தால் என்ன கண்டிருப்பாள்?

ஊடல் தீர்க்கவேண்டி மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் இடம் கடலாடு காதையில் வருகின்றது. 10 வகைத் துவரும் 5 வகை விரையும் 32 வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் கூந்தலைக் கழுவுகின்றாள், நறும்புகையில் ஆற்றுகின்றாள். அடுத்து, கால்விரல் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒவ்வோர் அணி. இடையில் பூத்தொழில் செய்த வண்ணத் துகில். அதன்மேல் 32 வடம் கொண்ட முத்துமேகலை. ஒரு நகையாசானும் ஓர் உடையாசானும் அருகிருந்து குறிப்பெடுத்தாற் போன்ற பகுதி அது. வடத்தின் எண்ணிக்கை வரை அடிகள் சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுபுறம் கண்ணகி. கோவலன் பிரிந்த பின் அவள் உடையை அடிகள் இல்லாமையால் வரைகின்றார். அடியிற் சிலம்பு இல்லை. துகிலின்மேல் மேகலை இல்லை. கொங்கையிற் குங்குமம் இல்லை. மங்கல அணியன்றி வேறணி இல்லை. கண்ணில் மை இல்லை. ஒருத்திக்கு 32 வடம், ஒருத்திக்கு ஒன்றுமில்லை. ஒரு காப்பியத்தின் முதற்பகுதி முழுதையும் இரண்டு உடையில் நிறுத்திக் காட்டலாம். எந்தத் திரைப்படத்தில் கண்ணகி அணியின்றி நின்றாள்? கதைத்தலைவி என்றால் கழுத்து நிறையப் பொன் வேண்டும் என்பது படமெடுப்போர் வகுத்த நெறி; இளங்கோ வகுத்ததன்று.

வேட்டுவ வரியிலோ உடைவடிவமைப்பே கதையாகின்றது. எயினர் தங்குடிக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் செய்கின்றனர். குறுங்கூந்தலைச் சிறு வெள்ளரவின் குருளையாற் சுற்றிக் கட்டுகின்றனர். காட்டுப்பன்றியின் கொம்பைப் பிறையாகச் செருகுகின்றனர். புலிப்பல் கோத்த தாலி கழுத்தில், வரியோடிய புலித்தோல் இடையில் மேகலையாக, கையில் வில், ஏறியமர ஒரு கலைமான். ஒவ்வொரு பொருளும் அவர்கள் காட்டில் அவர்கள் கையாற் கொன்றதும் பறித்ததும். வாங்கிய பொருள் ஒன்றில்லை. அரங்கேற்று காதையில் ஆடரங்கிற்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைச்சீலை கூறப்படுகின்றது. இருபுறமிருந்து வந்து பொருந்தும் திரையும் மேலிருந்து இறங்கும் திரையும் தமிழ் அரங்கில் தொங்கிய காலத்தில் பார்சிக் கொட்டகை எங்கே இருந்தது?

பொருநராற்றுப்படை இன்னும் ஒருபடி மேல். கரிகாலன் அவைக்கு வந்த பொருநன் ஈரும் பேனும் நிறைந்து, வியர்வையில் நனைந்து, வேற்றுநூல் புகுந்து ஓடிய தையற் கந்தலை உடுத்தியிருந்தான். மன்னன் அதனைக் களைந்து, இழை ஓடிய வழி கண்ணுக்குத் தெரியாத, பூவேலை அமைந்த, பாம்பின் தோலுரி போன்ற அறுவையை உடுத்தினான். வேற்றுநூல் புகுந்த கந்தல் என்று புலவர் சொன்னதைப் படிக்குந்தோறும் இன்றைய நம் வடிவமைப்பு ஏடுகளின் நடைதான் நினைவுக்கு வருகின்றது. ஒரு தொடரில் தமிழ் ஓரிழை. மற்றவை எல்லாம் வந்த இழை.

நல்லூரார் நெஞ்சிற் பதிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மதுரை அறுவை வீதிக்கு உரை வகுக்குமிடத்து அடியார்க்குநல்லார் 36 வகைத் துணிகளின் பெயர்களை அடுக்கிச் சொல்கின்றார். பச்சிலை, நுண்டுகில், இரட்டு, கோங்கலர், வண்ணடை, நூல்யாப்பு, பொன்னெழுத்து, வெண்பொத்தி, செம்பொத்தி, பணிப்பொத்தி என அப்பட்டியல் ஓடும். அவ்வுரையாசிரியர் கொங்குநாட்டு நிரம்பையூரினர் எனக் கொங்குமண்டலச் சதகம் கூறும். அவரைப் புரந்தவன் பொப்பண்ண காங்கேயர்கோன். தமிழிலக்கியத்தில் இத்துணை விரிந்த துணிப்பெயர்ப் பட்டியலைத் தந்தவன் கொங்கன். தமிழ்நாட்டின் துணித்தொழில் இன்று செழிக்கும் இடங்களுள் முதன்மையானதும் கொங்கு. இடையில் 1892-இல் உ.வே. சாமிநாதையர் அவ்வுரையை அச்சேற்றியும் தந்துவிட்டார். எனினும், பின்னலாடை நகரில் துணியியல் பயில்வோர் எத்துணைப்பேர் அப்பெயர்களைக் கேட்டிருப்பர்? கேட்டவரைக் கைவிரலால் எண்ணலாம், விரல் மிஞ்சும்.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். அந்த 36-இல் கோசிகம், பீதகம் போன்ற வடசொற்களும் குச்சரி, தேவகிரி போன்ற அயலிடப் பெயர்களும் உள்ளன. 'பார்த்தீர்களா, அன்றே கலப்புத்தானே' என்று எள்ளுவோர் எழுவர். அயலூர்த் துணிக்கு அயலூர்ப் பெயர் வருதல் இயல்பு. கலிங்கம் என்பதும் அவ்வாறே என்பர். தன் தறியில் நெய்த துணிக்கு அயற்பெயர் இட்டுக்கொள்வதுதான் இயல்புக்கு மாறு. அடியார்க்குநல்லார் காலத்தில் வந்த சரக்கு வந்த பெயரோடு இருந்தது. நெய்த சரக்கு நெய்தவன் பெயரோடு இருந்தது. இன்று நெய்வதும் பின்னுவதும் தைப்பதும் நாம். பெயர் மட்டும் பிறனது.

திருப்பூரில் எந்தத் தையற்கூடத்திலும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஓவர்லாக், பேட்லாக், கட்டிங், செக்கிங், அயனிங், சாம்பிள், பையர், பீசு ரேட்டு. பனியன் என்னும் சொல்லோ வடபுல வணிகர் இனப்பெயர் ஐரோப்பியர் வாயிற் புகுந்து திரும்பி வந்தது. இவற்றிடையே பின்னலாடை, சாயப்பட்டறை, நூல், பாவு, ஊடை, தறி என்பன தொழிலாளர் வாயிலேயே உயிரோடிருக்கின்றன. காஞ்சி நெசவாளரிடம் கோர்வை, மயிற்கண், குயிற்கண், வயிரஊசி, கோபுரக்கரை என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. படியாதவன் காத்த சொல்லைப் படித்தவள் தன் ஏட்டில் எழுதக் கூசுகின்றாள். கூசுமாறு செய்தது படிப்பு.

'ஏற்றுமதித் தொழிலுக்கு ஆங்கிலம் வேண்டும். வெளிநாட்டு வாங்குவோனுக்குத் தமிழ் புரியுமா?' என்பது இவ்விடத்து எழும் மறுப்பு. வாங்குவோனிடம் ஆங்கிலத்திற் பேசட்டும், யார் தடுத்தார்? சாவகத்தார் தம் மெழுகுச்சாயத் துணிக்குப் பாத்திக்கு என்றே பெயர் வைத்திருந்தனர். உலகம் அப்பெயராலேயே வாங்குகின்றது. மலாய்மொழியின் இக்கத்து உலகச் சொல்லாயிற்று. கிமோனோவை எவரும் மொழிபெயர்க்கவில்லை. நம் கட்டுமரத்தை ஆங்கிலேயன் அப்பெயராலேயே தன் அகரமுதலியில் ஏற்றினான். விற்பவன் தன் பெயரைச் சொன்னால் வாங்குவோன் கற்றுக்கொள்வான்.

சப்பானியரைப் பாருங்கள். அகிரா குரோசாவா 1985-இல் 'இரான்' என்றொரு படம் எடுத்தார். கதை ஆங்கிலப் புலவர் செகப்பிரியரின் இலியர் மன்னன். உடை வடித்தவர் எமி வாடா என்னும் பெண்மணி. கியோத்தோ நகரத்துக் கலைப்பள்ளியிற் பயின்றவர். அந்நகரத்து நெசவாளரையும் சாயம் தோய்ப்பாரையும் கொண்டு ஆயிரத்திற்கு மேற்பட்ட உடைகளைக் கையாலேயே செய்வித்தார், ஆண்டுக்கணக்காயிற்று. 1986-இல் அமெரிக்கத் திரைக்கழகம் உடைக்கான ஆசுக்கர் விருதை அவருக்கு அளித்தது. அயலான் இலக்கியத்தை எடுத்துத் தம் துணியை உடுத்தினர் சப்பானியர். நாமோ நம் இலக்கியத்தை எடுத்து அயலான் துணியை உடுத்துகின்றோம்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? மராட்டியப் பெண்மணி பானு அத்தையா மும்பைக் கலைப்பள்ளி மாணாக்கியாய் இருந்தவர். 1966-இன் 'ஆம்ரபாலி' படத்திற்கு உடை வடிக்க அவர் அசந்தா ஓவியங்களையே முதலாகக் கொண்டார். முந்தைய படங்களைப் பார்த்துப் படியெடுக்கவில்லை. 'காந்தி' படத்திற்காக 1983-இல் சான் மொல்லோவுடன் ஆசுக்கர் விருது பெற்று, அதனைப் பெற்ற முதல் இந்தியரும் ஆனார். ஊற்றுக்குச் சென்று நீர் மொண்டவர்க்குக் கிடைத்த பேறு அது. ஊற்று நமக்கும் உண்டு. கீழடி அகழாய்வில் நூற்கும் தக்களியும் செப்பூசியும் எலும்பாலான கூர்முனைக் கருவிகளும் கிடைத்ததைத் தமிழ்நாட்டுத் தொல்லியல்துறையின் 2019 அறிக்கை விளக்குகின்றது. நொய்யற்கரையிலேயே கொடுமணல் இருக்கின்றது. நொய்யலைச் சாயக்கழிவால் கொன்று, 2011 சனவரியில் சென்னை உயர்முறைமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் வரை கொண்டுவந்ததும் இத்தொழிலே என்பதை ஈண்டு நினைவூட்டாமலிருக்க முடியவில்லை. அவுரியும் சாயவேரும் கடுக்காயும் கொண்டு சாயம் தோய்த்த நாடு இது.

2020 செப்டம்பரில் 'இந்தி தெரியாது போடா' என்னும் எழுத்துப் பொறித்த சட்டைகளைத் திரைத்துறையினர் சிலர் அணிந்தனர். இளைஞர் விரும்பிக் கேட்டனர். திருப்பூரில் அச்சட்டைகள் விரைந்து உருவாயின. உணர்ச்சியை வாழ்த்துவோம். அதனொடு வந்த மற்றொரு சட்டையிலோ தமிழ் பேசும் இந்தியன் என்னுஞ் செய்தி பாதி ஆங்கிலத்தில் இருந்தது. நெஞ்சின்மேல் எழுதிய தமிழ் ஒருநாள் துவைப்பில் மங்கும். இழைக்குள் ஓடும் தமிழ் வேண்டும். நுண்டுகில் என ஒரு துணிக்குப் பெயரிட்டு, அப்பெயருக்கேற்ற நுண்மையில் அதனைப் பின்னிக் காட்டும் மாணாக்கி, நூறு முழக்கச் சட்டைகள் செய்யாததைச் செய்தவளாவாள்.

புறநானூற்றிற் பருத்திப் பெண்டு ஒருத்தி வருகின்றாள். இரவில் எழுந்து சிறுவிளக்கேற்றிப் பஞ்சைத் தூய்மை செய்பவள். நல்லூர் மாணாக்கியின் தாய் இரவு வேலையில் மின்விளக்கின் கீழ் மடித்துத் தைக்கின்றாளே, அவளுக்கு ஈராயிரம் ஆண்டு மூத்தவள் இவள். தாய்க்கும் மகளுக்கும் இவ்வுறவைச் சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவரே இருக்கின்றார். அவர் பள்ளித் தமிழாசிரியர். அவர் சொல்லவில்லை. தேர்வில் வாராது என்று விட்டுவிட்டார்.

ஆகவே இவ்வழக்கிற் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறவேண்டியவர் திரைப்படத்தாரும் அல்லர், கல்லூரியாரும் அல்லர். தமிழ்ப்புலவரே ஏறல் வேண்டும். வடிவமைப்பு மாணாக்கியர்க்கு வேண்டுவது விழாமேடைப் பொழிவன்று. கடலாடு காதையின் ஒப்பனைப் பகுதியும் வேட்டுவ வரியின் கோலப் பகுதியும் ஊர்காண் காதையின் உரைப் பட்டியலும் சொற்பொருளோடு நாலைந்து தாளில் அடங்கும். இத்தாள்களை எடுத்துக்கொண்டு திருப்பூர்ப் பகுதித் தமிழாசிரியர் எவரேனும் ஒரு காரிக்கிழமை மாலை வடிவமைப்பு மாணாக்கியரை நாடிச் செல்லட்டும். 'மாதவியின் மேகலைக்கு எத்தனை வடம்?' என்று கேட்கட்டும். அவர்கள் வரையும் ஏட்டின் விளக்கப்பகுதியைத் தமிழில் எழுதவும் மதிப்பெண் உண்டு எனக் கல்லூரிகள் அறிவிக்கட்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கீழ் நடக்கும் ஆடைவடிவமைப்புப் பட்டப்படிப்புகளில் அந்த 36 பெயர்களும் பாடமாகட்டும். நிரம்பையூர் உரையாசிரியரின் பட்டியல் அச்சேறி நூற்றாண்டுக்கு மேலாயிற்று. நல்லூர்த் தையற்கூடத்துச் சுவரில் அதனை ஒட்டுவதற்கு ஒரு தாளும் சிறிது பசையும் போதும்.